பழுது பார்த்தலும் பாழ் செய்தலும்

(நூலக அரங்கு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்யாண மண்டப வாசலில், நட்சத்திர ஓட்டலின் வரவேற்பறையில், பழைய காலத்துக் கதை என்று காட்டவேண்டிய தொலைக்காட்சித் தொடரில், எங்கே திரும்பினாலும் ஊமத்தம்பூப் போல வாய் விரித்த பித்தளைக் குழலோடு ஒரு கிராமபோன் நிற்கிறது. பளபளவென்று மின்னுகிறது. அடியில் எட்டுப் பட்டை மரப்பெட்டி, அதில் நாய் படம். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்கிறேன், மன்னியுங்கள். அவற்றில் பெரும்பாலானவை போலி.

எப்படித் தெரிந்துகொள்வது? ஊசியையும் குழலையும் இணைக்கிற டோன் ஆர்மைப் பாருங்கள். நல்ல கருவியில் அது ஊசிப் பக்கம் சிறுத்து, குழலை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும். ஒலி பெருகிச் செல்வதற்கான பாதை அது. போலியிலோ அது ஒரே தடிமனில், குழாய்க்கடையில் வெட்டி வளைத்த மாதிரி இருக்கும். பெட்டியில் பூவேலைப்பாடு அளவுக்கு மீறி இருக்கும். நாய் முத்திரை நேற்று ஒட்டியது போலப் புத்தம்புதிதாக இருக்கும். குழலும் போலி, பெட்டியும் போலி, மோட்டார் மட்டும் பல நேரம் அசல். அந்த மோட்டார் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பித்தளைக் குழல் இல்லாத காரணத்தால் பழம்பொருளாகத் தெரியாத, கறுப்பு ரெக்சின் ஒட்டிய, ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த ஒரு கைப்பெட்டி கிராமபோனை உடைத்து எடுத்தது அது.

பழுது பார்ப்பதைப் பற்றிப் பேச வந்தவன் போலியில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பொருளைப் பார்த்ததும் இதைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறதே, அந்தப் பரபரப்புதான் போலி செய்கிறவரையும் பழுது பார்க்கிறவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிறது. என்னிடம் வந்த பெட்டிகளில் வயதாகிச் செத்தவை குறைவு, வைத்தியத்தால் செத்தவைதான் அதிகம். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் பாதிப் படிப்பு.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1877இல் எடிசன் செய்த போனோகிராப், உருளையில் சுற்றிய வெள்ளீயத் தாளில் குரலைப் பதித்தது. பத்தாண்டு கழித்து எமில் பெர்லினர் உருளையை விட்டுவிட்டுத் தட்டையான தட்டுக்கு வந்தார். அவருடைய ஆரம்பகாலக் கருவிகளைக் கையாலேயே சுற்றவேண்டும். சுற்றுகிற கை தளர்ந்தால் பாடுகிறவரின் சுருதியும் கூடவே இறங்கும். நியூ ஜெர்சியில் கேம்டன் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1896இல் அதற்கு ஒரு ஸ்பிரிங் மோட்டார் செய்து கொடுத்தார். அதன்பிறகுதான் கிராமபோன் வீட்டுக்குள் வந்தது. 1902இல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறிப் போய்த் தட்டாகத் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அழுத்தும் ஆலை ஏற்பட்டது.

இதில் நமக்கென்று ஒரு விசேஷம் உண்டு. மேல்நாடுகளில் நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டுகள் 1950களின் முடிவோடு ஓய்ந்துபோயின. இந்தியாவில் 1960கள் முழுக்க ஓடின. பீட்டில்ஸ் பாட்டுகூட இங்கே 78 சுற்றுத் தட்டில் வந்திருக்கிறது. உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களில் பாட்டு கேட்க வேண்டுமென்றால் அப்போது சாவி கொடுக்கிற பெட்டிதான் வழி. அதனால் நம் ஊர்ப் பரண்களில் இன்னும் இவை கிடைக்கின்றன. கடைசிவரை உழைத்த பெட்டிகள் என்பதால் தேய்ந்துபோயும் கிடைக்கின்றன.

இன்று ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எச்.எம்.வி. 102. இது 1931இல் வந்து, 1950களின் பிற்பகுதி வரை விற்ற மாடல். பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். குழல் வெளியே தெரியாது, பெட்டிக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும். மூலையில் ஊசி டப்பாவுக்கு ஒரு சின்ன அறை. கையடக்கமான கிராமபோன்களில் இதற்கு மிஞ்சியது இல்லை என்பது என் கட்சி. வாதத்துக்கு வருகிறவர்கள் கூட்டம் முடிந்தபிறகு வரலாம்.

நான் சொல்லப்போகிற 102, சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரு வீட்டின் தரைத்தளத்தில் கட்டிலுக்கடியில் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் வீட்டார் அதை மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நனைந்த மரத்துக்கு உச்சிவெயிலைப் போல எதிரி கிடையாது. பலகை வளைந்தது, ரெக்சின் சுருங்கி விளிம்புகளில் உரிந்தது. பிறகு ஒரு மெக்கானிக் வந்தார். துருப்பிடித்த பாகங்களுக்கெல்லாம் அலுமினியப் பெயிண்ட் அடித்தார். சாவி ஏறவில்லை என்று மோட்டாருக்குள் தேங்காயெண்ணெய் ஊற்றினார். ஊசியைத் தாங்குகிற சவுண்ட் பாக்ஸ் விரிசல் விட்டிருந்தது, அதற்கு எபாக்ஸி பசை போட்டார். நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். வெள்ளம் செய்ததைச் சரிசெய்ய முடிந்தது. அவர் செய்ததைச் சரிசெய்யத்தான் பிராணன் போயிற்று.

இந்த மாதிரி ஒரு பெட்டி கைக்கு வந்தால் முதல் வேலை, சாவி கொடுக்காமல் இருப்பது. 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று திருகுகிற முதல் திருகில்தான் பல ஸ்பிரிங்குகள் போகின்றன. முதலில் படம் எடுங்கள். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றுமுன் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து, தனித்தனித் தீப்பெட்டியில் போடுங்கள். திருப்புளியின் வாய் திருகாணியின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தவில்லையென்றால், பொருந்துகிற மாதிரி திருப்புளியைத்தான் அரமிட வேண்டும். பிளவு மழுங்கிய திருகாணி எண்பது வயதுக் கருவியில் அழியாத வடு.

ஸ்பிரிங்குக்கு வருவோம். ஏறத்தாழ ஓர் அங்குல அகலத்தில், பத்துப் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு எஃகுப் பட்டை. அதைச் சுருட்டி ஒரு டப்பிக்குள் அடைத்திருப்பார்கள். சாவி கொடுத்து நின்றுபோன மோட்டாரில் அந்த முறுக்கு அப்படியே காத்துக்கொண்டிருக்கும். அது தெரியாமல் டப்பியைத் திறந்தால் விரல் மிஞ்சாது. மோட்டாரை முழுக்க ஓடவிட்டு, முறுக்கு இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்டுதான் கழற்றவேண்டும். அப்போதும் டப்பியைச் சாக்குப்பைக்குள் வைத்து, தோல் கையுறை போட்டு, நடுவிலிருந்து ஒவ்வொரு சுற்றாக வெளியே விட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்தக் கட்டத்தில் வேலை இல்லை.

உள்ளே என்ன இருக்கும்? தொழிற்சாலையில் பூசிய காரீய கிரீஸ் தார் மாதிரி இறுகியிருக்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாட்டுக்கு நடுவே திடீரென்று பிய்த்துக்கொள்ளும். அப்போதுதான் பெட்டிக்குள் 'தொம்' என்று சத்தம் கேட்கும். ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் கிரீஸ்தான் காரணம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் துடைத்து, உலர்த்தி, புதிய காரீய கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். நம் 102இல் தேங்காயெண்ணெயும் சேர்ந்திருந்தது. நாள்பட்ட தேங்காயெண்ணெய் சிக்குப் பிடிக்கும். அதிலுள்ள அமிலம் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகும். பல்சக்கரத்தின் பல் இடுக்கெல்லாம் பச்சை. மூங்கில் குச்சியைக் கூராக்கிப் பல் பல்லாகத் தோண்டி எடுத்தேன். இரும்புக் குச்சி கூடாது, பித்தளையைக் கீறிவிடும். தாங்கிகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தலைக்குத் தேய்ப்பதை மெஷினுக்கு ஊற்றாதீர்கள்.

ஸ்பிரிங் உடைந்திருந்தால்? பெரும்பாலும் முனையில், கொக்கி மாட்டுகிற துளைக்குப் பக்கத்தில்தான் உடையும். அப்படியானால் தப்பித்தோம். முனையை மட்டும் செந்தணலாகக் காய்ச்சி, சாம்பலில் மெதுவாக ஆறவிட்டால் எஃகு இளகும். புதுத்துளை போட்டு, ஓரத்தில் பிசிறு இல்லாமல் அரமிட வேண்டும். அடுத்த விரிசல் அந்தப் பிசிறிலிருந்துதான் தொடங்கும். நடுவில் உடைந்திருந்தால் ஒட்டுப்போடுகிற வேலையே வேண்டாம். வேறு ஸ்பிரிங் போடுவதுதான் முறை.

அடுத்தது கவர்னர். எனக்கு இந்தப் பெட்டியில் பிடித்த பாகம் இதுதான், கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய ஸ்பிரிங் தொடக்கத்தில் வேகமாகத் தள்ளும், இறங்க இறங்கத் தளரும். ஆனால் தட்டு முதல் வினாடியிலிருந்து கடைசி வினாடிவரை நிமிஷத்துக்கு 78 சுற்றுதான் சுற்ற வேண்டும், இல்லையென்றால் கல்யாணி வேறு எங்கோ போய்விடும். இதைச் சமாளிக்க ஒரு சின்ன தண்டு, அதன்மேல் மூன்று மெல்லிய தகட்டு ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குண்டு. தண்டு சுழலுகிற வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விலகும். விலகினால் தண்டில் இருக்கிற வட்டத்தகடு நகர்ந்து போய் ஒரு தோல் துண்டின்மேல் உரசும். உரசல் வேகத்தைக் குறைக்கும். குறைந்தால் குண்டுகள் உள்ளே வரும், தகடு பின்வாங்கும். யாரும் சொல்லாமலே தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்கிற ஏற்பாடு, மின்சாரமில்லாமல்.

அந்த மூன்று தகடுகளில் ஒன்று விரிசல் விட்டாலும் தட்டு அலைபாயும், குரல் நடுங்கும். ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. மூன்றும் ஒரே தடிமனாக இல்லாவிட்டால் தண்டு அதிர்ந்து, அந்த அதிர்வு ஊசிவரை வரும். நம் பெட்டியில் குண்டுகளுக்கு அலுமினியப் பெயிண்ட் அடித்திருந்தார் அந்த நண்பர். ஒரு குண்டில் பெயிண்ட் தடிப்பாக, இன்னொன்றில் மெல்லியதாக. எடை மாறிப்போய்விட்டது. சுரண்டி எடுத்தபிறகுதான் நடுக்கம் நின்றது. தோல் துண்டு காய்ந்து கிறீச்சிட்டது, அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் போதுமாக இருந்தது.

78 சுற்றுதான் என்று எப்படிச் சரிபார்ப்பது? தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துணுக்கைச் சொருகி ஒரு நிமிஷம் எண்ணலாம். நயமான வழி வேறொன்று உண்டு. நம் மின்சாரம் 50 சுழற்சி. பழைய குண்டு பல்பின் வெளிச்சம் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. 77 கோடுகள் வரைந்த ஒரு காகித வட்டத்தைத் தட்டின்மேல் வைத்து அந்த வெளிச்சத்தில் சுழலவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். கோடுகள் முன்னோக்கி நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னோக்கி நகர்ந்தால் குறைவு. எல்.ஈ.டி. விளக்கு பலவற்றில் இந்த வித்தை பலிக்காது. இதற்காகவே ஒரு குண்டு பல்பு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

இனி சவுண்ட் பாக்ஸ். ஊசி தட்டின் பள்ளத்தில் பக்கவாட்டில் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை ஒரு நெம்புகோல் மெல்லிய சவ்வுத்தகட்டின் நடுவுக்குக் கொண்டுபோகிறது. பழைய பெட்டிகளில் அந்தத் தகடு மைக்கா, பிற்காலத்தில் அலுமினியம். அதன் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். ரப்பர் கல்லாக இறுகிவிட்டால் குரல் தகரமாகிவிடும். தளர்வாக இருந்தால் கரகரக்கும், காற்றுக் கசிந்தால் அடித்தொனி மறைந்துவிடும். புது வளையத்தை இறுக்கமாகவும் போடக்கூடாது, தொளதொளவென்றும் விடக்கூடாது. இதை எழுதிக் காட்ட முடியாது. போட்டுக் கேட்டு, கழற்றி, மறுபடி போட்டுத்தான் பழகவேண்டும்.

வளையத்தை மாற்றிவிடலாம். மாற்ற முடியாத ஒன்று உண்டு. அந்தக் கால சவுண்ட் பாக்ஸ் பலவற்றின் உடல் துத்தநாகக் கலப்பு உலோக வார்ப்பு. உருக்கும்போது அதில் துளி ஈயம் கலந்துவிட்டால்கூட, ஆண்டுகள் போகப்போக உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு பரவும். ஈரமும் வெப்பமும் அதை வேகப்படுத்தும். இரண்டுக்கும் சென்னையில் பஞ்சமில்லை. முதலில் உப்பும், பிறகு வெடிக்கும், கடைசியில் பிஸ்கோத்தாக உதிரும். பசை எதுவும் பிடிக்காது, ஏனென்றால் பசை ஒட்டுகிற இடமே உதிர்ந்துகொண்டிருக்கிறது. எபாக்ஸி போட்ட நம் சவுண்ட் பாக்ஸ் அந்த ரகம். அதை எறியவில்லை. ஒரு காகித உறையில் போட்டு, பெயர் எழுதி, பெட்டியோடு சேர்த்து வீட்டாரிடம் கொடுத்தேன். பாடுவதற்கு அதே காலத்து இன்னொரு சவுண்ட் பாக்ஸை, உயிர்போன ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினேன். எது அசல், எது மாற்று என்று ஒரு சீட்டில் எழுதி மூடியின் உள்ளே வைத்திருக்கிறேன். நாளைக்கு இதைத் திறக்கிறவர் யாரோ, அவரை ஏமாற்றக்கூடாது.

மரவேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விட்டுப்போன இணைப்புகளுக்குப் பழைய தச்சர்கள் பயன்படுத்திய வஜ்ஜிரப் பசைதான். சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும், அடுத்தவர் கழற்ற வழி இருக்கும். எபாக்ஸி விட்டுக்கொடுக்காது. உரிந்த ரெக்சினைத் திரும்ப ஒட்டினேன். கிழிந்த இரண்டு மூலைகள் கிழிந்தபடியே இருக்கின்றன. வீட்டாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். புது ரெக்சின் முழுக்கப் போட்டுவிடலாமே என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். பாடுவதற்கு மூலை தேவையில்லை. அந்தக் கிழிசல், கல்யாணம் காட்சியென்று ஊர் ஊராகப் போய் வந்ததன் அடையாளமாக இருக்கலாம். புது ரெக்சின் அதைத் துடைத்துவிட்டு வேறு எதையும் தராது.

பழையதைத் துடைத்து மறைப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கிராமபோனை அறிந்த உலகத்துக்கே தெரிந்த அந்த நாய்ப் படத்தைப் பாருங்கள். பிரான்சிஸ் பராட் முதலில் வரைந்தபோது நாய்க்கு முன்னால் இருந்தது எடிசன் பாணி உருளைக் கருவி. 1899இல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்க ஒப்புக்கொண்டு, தன் கருவியை வரையச் சொன்னது. அவரும் பழையதன் மேலேயே பெயிண்ட் அடித்து வரைந்து கொடுத்தார். மூலப்படத்தில் அடியில் இருக்கிற பழைய கருவி இன்னும் லேசாகத் தெரியுமாம். பெயிண்ட் அடித்து மறைக்கிற பழக்கம் நம் மெக்கானிக்கோடு தொடங்கியதல்ல.

சரி, பெட்டி பாடத் தொடங்கிவிட்டது. இங்கேதான் பெரிய கேள்வி வருகிறது. எதைப் பாடவைப்பது?

78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. ஜார்க்கண்டின் குசும், பலாச மரங்களில் பூச்சிகள் கசிகிற அரக்கு கடல் கடந்து போய்த் தட்டாகி வந்தது. வெறும் அரக்கல்ல. கல்மாவும் கரியும் பஞ்சும் கலந்தது. கல்மா வேண்டுமென்றே சேர்த்தது. ஊசியின் முனை தட்டின் பள்ளத்துக்கு ஏற்றபடி தேய்ந்து பொருந்தவேண்டும் என்பது திட்டம். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற கணக்கு, டப்பாவுக்கு 200 ஊசி. ஊசியை மிச்சம்பிடித்து நாலு பக்கம் ஓட்டினால், கூர் கெட்ட முனை பள்ளத்தை உளிபோட ஆரம்பிக்கும். புது ஊசியானாலும் சேதம் இல்லாமல் இல்லை. சவுண்ட் பாக்ஸின் பாரம் நூறு கிராமுக்கும் மேலே தட்டில் இறங்குகிறது. இன்றைய மின் பிக்கப் சில கிராம்தான். ஒவ்வொரு முறை பாடும்போதும் இந்தப் பெட்டி தட்டிலிருந்து கொஞ்சம் தின்கிறது.

நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் தன் 27ஆம் வயதில் காலமானார். சினிமாவில் நடிக்கவில்லை. அந்தக் குரல் நமக்கு மிஞ்சியது தட்டுகளில் மட்டும். நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டை எத்தனை வீடுகளில் போட்டுப் போட்டுத் தேய்த்திருப்பார்கள். அதில் தேயாத பிரதி ஒன்று உங்களிடம் இருந்தால், அதைத் தயவுசெய்து சாவிப்பெட்டியில் போடாதீர்கள், நான் சரிசெய்த பெட்டியாக இருந்தாலும் சரி. எடை குறைந்த பிக்கப் வைத்துக் கணினியில் ஒருமுறை பதிவுசெய்துவிட்டு, நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும், பள்ளமும் போய்விடும். சாவிப்பெட்டிக்கு ஏராளமாகக் கிடைக்கிற தட்டு, ஏற்கெனவே தேய்ந்த தட்டு, ஒரு பிரதி போனால் இன்னொன்று வாங்கக்கூடிய தட்டு போதும்.

அப்படியானால் பெட்டியை எதற்குச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். 1925இல் மைக் வருவதற்கு முன்னால் பாடகர்கள் ஒரு குழலுக்குள் தலையை நீட்டிப் பாடினார்கள். பதிந்தது ஏறக்குறைய 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ்வரையிலான ஒலிதான். மிருதங்கத்தின் தொப்பி பாதி காணாமல் போயிற்று. 'ஸ' என்ற எழுத்து ஏறக்குறைய போயே போயிற்று. அந்தத் தட்டைக் கணினியில் கேட்டால் பழைய, சன்னமான, பரிதாபமான குரல். அதையே குழல் வழியாகக் கேட்டால், பாடுகிறவர் அறையில் இருக்கிறார். குழலுக்குள் போன குரல் குழல் வழியாக வெளியே வருவதால் இப்படி இருக்கலாம் என்பது என் ஊகம். காதுக்குக் கிடைக்கிற அந்த ஆள் நடமாட்டம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதை ஒரு தலைமுறை ஒருமுறையாவது கேட்க வேண்டும், தேய்ந்த தட்டில் என்றாலும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேள்வி நேரம் முடிந்ததும் பக்கத்து அறையில் ஒரு 102 இருக்கும், தொட்டுப் பார்க்கலாம், சாவியும் கொடுக்கலாம், கை கனக்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஊசி டப்பா நான் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தட்டு கொண்டுவந்தவர்கள் போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள். எல்.பி. தட்டு கொண்டுவந்தவர்கள் அதைப் பையைவிட்டு வெளியே எடுக்கவே வேண்டாம், இந்தப் பெட்டியின் ஊசி ஒரே ஓட்டத்தில் பள்ளத்தை உழுதுவிடும். மஞ்சள் சட்டைக்காரர் முன்வரிசையில் நெடுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கேளுங்கள் ஐயா.